பெண்ணுக்குப் பதினான்கும் பதினெட்டும்

(ஓசூரில் பெண்கள் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்றைய கூட்டத்தில் பேசவேண்டிய விஷயம் பெண்களின் முன்னேற்றமும் பெண் கல்வியும் என்று சொன்னீர்கள். நமக்கு முன் பேசிய தோழர்கள் டாக்டரான பெண்களையும், கலெக்டரான பெண்களையும், ஆகாயத்தில் பறந்த பெண்களையும் வெகுநேரம் புகழ்ந்தார்கள். அதில் நமக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை. ஆனால் இப்படிப் புகழுவதில் ஓர் ஆபத்து இருக்கின்றது. பத்துப் பெண்மணிகளின் பெயரைச் சொல்லிக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனால், பெண்களுக்கு எல்லாம் கிடைத்துவிட்டதென்கின்ற ஒரு திருப்தி வந்துவிடுகின்றது. அதே வீட்டில் எட்டாவதோடு நின்றுபோன பெண்ணைக் காட்டி, "இவள் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை?" என்று கேட்டால், "அவளுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று பதில் வருகின்றது. ஏறவில்லையா, ஏறவிடவில்லையா என்பதைப் பற்றித்தான் நாம் சிறிது பேசப்போகின்றோம். அதையும் எங்கேயோ உள்ள ஊரைப் பற்றிப் பேசாமல் இந்த ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்தை வைத்தே பேசுகின்றோம்.

முதலில் ஓசூரைப் பாருங்கள். ராகியும் கொள்ளும் விளைந்த பூமி இது. சிப்காட் வந்த பிறகு இதன் நிலைமையே மாறிற்று. 1980-இல் டி.வி.எஸ். மொபெட் இங்கிருந்து வெளிவந்தது. அந்தப் பத்து வருஷத்துக்குள்ளாகவே டைட்டன் கைக்கடிகாரத் தொழிற்சாலையும் வந்து, கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் படித்த பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து நுட்ப வேலைக்குப் பழக்கினார்கள். இப்போதோ பெண்களுக்கே முதலிடம் என்கின்ற காலம் வந்திருக்கின்றது. 2021-இல் போச்சம்பள்ளியில் ஓலா மின்சார ஸ்கூட்டர்த் தொழிற்சாலையை 10,000-க்கு மேற்பட்ட பெண்களே நடத்தப்போகின்றார்கள் என்று அதன் முதலாளிகள் அறிவித்தார்கள். ஓசூர்ப் பக்கம் டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியார் ஐபோன் பாகங்கள் செய்யும் இடத்தில் வேலை செய்கின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2022 நவம்பரில் டில்லி மந்திரி ஒருவர், அங்கு ராஞ்சி, ஹஸாரிபாக் பக்கத்துப் பழங்குடிப் பெண்கள் 6,000 பேருக்குப் பயிற்சி கொடுக்கப்படுகின்றது என்று பெருமையோடு சொன்னார்.

நல்ல காரியந்தான். ரயிலேறி ஆயிரம் மைலுக்கு மேல் வந்து சொந்தக் காலில் நிற்கின்ற அந்தப் பெண்கள் நம்முடைய சகோதரிகளே. அவர்களை வரவேற்கின்றோம். ஆனால் ஒரு கேள்வி கேட்கின்றோம். ராஞ்சியிலிருந்து ஓசூருக்கு வழி தெரிந்திருக்கின்றது. அஞ்செட்டியிலிருந்து ஓசூருக்குச் சுமார் 50 கிலோமீட்டர்தான். அந்த மலைப் பெண்ணுக்கு ஏன் வழி தெரியவில்லை? தூரத்திலிருந்து வந்த பெண்ணுக்கு உற்றார் இல்லை, பாஷை தெரியாது, சங்கம் சேரமாட்டாள் என்கின்ற கணக்கு முதலாளிமார்களுக்கு உண்டு என்பது நமக்குத் தெரியாததல்ல. அதை வேறொரு நாள் பேசுவோம். இன்று அதைவிட அவசரமான காரணம் ஒன்று இருக்கின்றது. இப்படிப்பட்ட தொழிற்சாலை வாசலில் பெரும்பாலும் கேட்பது இரண்டே இரண்டுதான். 18 வயது ஆயிற்றா? 12-ஆம் வகுப்போ அல்லது ஐ.டி.ஐ.யோ முடிந்ததா? மலைப் பெண்ணுக்கு முதலாவது தானே வந்துவிடும். இரண்டாவது வருவதில்லை. அது வரவேண்டிய நான்கு வருஷத்தில் அவளை வேறு காரியத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுகின்றார்கள்.

சட்டங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள், வேடிக்கை தெரியும். 2009-இல் செய்த கட்டாயக் கல்விச் சட்டம் 6 வயதிலிருந்து 14 வயது வரையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் வைக்கச் சர்க்காரைக் கட்டாயப்படுத்துகின்றது. 14 முடிந்தவுடன் அந்தச் சட்டம் கையை விட்டுவிடுகின்றது. கலியாணச் சட்டம் 18 ஆகாமல் செய்யக்கூடாது என்கின்றது. கல்லூரிக்குப் போகின்ற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் "புதுமைப் பெண்" திட்டம், 1989-இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் ஏற்பட்ட திருமண உதவியை 2022-இல் மாற்றி அமைத்தது. கலியாணத்துக்குக் கொடுத்த பணத்தைப் படிப்புக்குக் கொடுத்தார்களே, அது உண்மையிலேயே மெச்சத்தக்க மாறுதல். ஆனால் அதுவும் பன்னிரண்டாவது தாண்டி வந்தவளுக்குத்தானே! பின்தங்கிய வட்டாரங்களில் பெண்களுக்கென்று 2004-இல் தொடங்கிய கஸ்தூர்பா உறைவிடப் பள்ளிகளும் 6-ஆம் வகுப்பு முதல் 8-ஆம் வகுப்பு வரை என்றே ஏற்பட்டன. 12 வரை உயர்த்தலாம் என்று 2018-இல்தான் வழி விட்டார்கள்.

ஆகவே 14 வரை ஒரு கை பிடிக்கின்றது. 18-க்குப் பிறகு இன்னொரு கை பிடிக்கின்றது. நடுவிலே நான்கு வருஷம் இருக்கின்றது. அந்த நான்கு வருஷம் பெண் யாருடைய வசம்? அப்பன் வசம், அண்ணன் வசம், மாமன் வசம், ஜோசியன் வசம்!

நடுவில் சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லையென்று நாம் சொல்ல வரவில்லை. ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை சர்க்கார் பள்ளிக்கூடங்கள் உண்டு. புத்தகம் இலவசம். பதினொன்றாம் வகுப்பில் சைக்கிளும் இலவசம். ஆனால் மலையில் இருக்கின்றவளுக்குச் சைக்கிளால் என்ன பிரயோஜனம்? பள்ளிக்கூடம் மலைக்குக் கீழே. பாதை காட்டுக்குள்ளே. அஞ்செட்டிக் காடு காவிரி வடக்குச் சரணாலயத்தில் சேர்ந்தது. யானை நடமாடும் காடு. பொழுது சாய்ந்தபின் ஆண்களே அங்கு தனியாக நடக்க அஞ்சுவார்கள். அங்கே 15 வயதுப் பெண்ணுக்குச் சைக்கிளைக் கொடுத்து "போய்ப் படித்து வா அம்மா" என்றால், நீந்தத் தெரியாதவனுக்கு ஆற்றங்கரையில் செருப்பு வாங்கிக் கொடுத்தது போலத்தான். பாஷைத் தொல்லையும் உண்டு. வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகின்ற பிள்ளை, பள்ளிக்கூடத்தில் தமிழோடு மல்லுக்கட்டி எட்டாவது வருவதே பெரிய காரியம். 2011 ஜனக்கணக்கில் இந்தக் கிருஷ்ணகிரி ஜில்லாவில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆண்கள் 100-க்குச் சுமார் 79 பேர், பெண்கள் சுமார் 64 பேர். அப்போது தமிழ்நாடு முழுவதற்கும் பெண்கள் கணக்கு 73. தொழிற்சாலைப் புகை எழும்பும் ஜில்லாவில் பெண்கள் மாகாணக் கணக்குக்கும் கீழே இருந்தார்கள்.

இதன் பலன் என்னவென்பதை 2025 மார்ச்சு மாதத்தில் நாடே பார்த்தது. அஞ்செட்டி மலைப்பக்கத்தில் ஏழாவதோடு படிப்பு நின்றுபோன 14 வயதுப் பெண் ஒருத்தியை, அவளைவிட இரண்டு மடங்கு வயதுள்ள ஒருவனுக்குக் கர்நாடகத்தில் கொண்டுபோய்த் தாலி கட்டிவைத்தார்கள். ஊர் திரும்பிய பெண், "எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம், நான் போகமாட்டேன்" என்றாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். கதறக் கதற அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருவர் அதைப் படம் எடுத்து வெளியே விட்டதனால் போலீசார் வந்தார்கள். தாலி கட்டியவனும் உறவினர்களும் கைதானார்கள்.

அந்தக் குழந்தையின் பெயர் நமக்கு வேண்டாம். ஆனால் அவள் சொன்ன "மாட்டேன்" என்கின்ற வார்த்தையை இந்தக் கூட்டத்தில் பெண்களின் சாதனை வரிசையில் முதலாவதாக வைக்கும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம். பட்டம் வாங்குவதற்கு வேண்டிய தைரியத்தைவிட இதற்கு அதிகத் தைரியம் வேண்டும். பின்னால் நிற்பதற்கு அவளுக்கு ஒரு பள்ளிக்கூடம்கூட இல்லை.

இந்த எல்லை தாண்டுகின்ற வித்தை இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு பெண்ணின் விவாக வயது 16-க்கு மேல் இருக்கவேண்டுமென்று தீர்மானித்தது. சர்க்கார் அந்த வருஷம் செய்த சாரதா சட்டம் 14 என்று நிறுத்திற்று. அது 1930 ஏப்ரல் 1-ந் தேதி அமுலுக்கு வருவதற்குள், மடியில் இருக்கும் குழந்தைகளுக்கெல்லாம் அவசர அவசரமாகத் தாலி கட்டினார்கள். சாஸ்திரம் போய்விடும், தர்மம் போய்விடும் என்று வைதீகர்கள் அழுத அழுகைக்கு அளவில்லை. அந்தச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மாத்திரமே ஏற்பட்டது. ஆகவே புதுச்சேரிக்கும் சுதேச சமஸ்தானங்களுக்கும் போய்க் கலியாணம் செய்துகொண்டு வந்தவர்களும் உண்டு. நம்முடைய ஓசூர் அப்போது சேலம் ஜில்லா. எதிரே மைசூர் சமஸ்தானம். அங்கே 1894-இல் செய்த சட்டம் 8 வயதுக்குட்பட்ட பெண்ணுக்குத்தான் கலியாணத்தைத் தடுத்தது. இந்தப் பக்கம் 14, அந்தப் பக்கம் 8. தர்மமும் சாஸ்திரமும் பகவான் வகுத்தவை என்கின்றார்களே, பகவானுக்கு ஓசூருக்கு இந்தப் பக்கம் ஒரு கணக்கு, அந்தப் பக்கம் ஒரு கணக்கா?

இப்போது எல்லையின் கதை தலைகீழாக மாறியிருக்கின்றது. 2006-ஆம் வருஷத்துச் சட்டப்படி 18 ஆகாத பெண்ணின் கலியாணம் குற்றமே ஒழிய, தானாகவே செல்லாததாய்ப் போய்விடாது. அந்தப் பெண்ணே கோர்ட்டுக்குப் போய், 20 வயதுக்குள் ரத்து செய்துகொள்ளவேண்டும். பலவந்தமாகவோ ஏமாற்றியோ கொண்டுபோயிருந்தால் மாத்திரம் அது அடியோடு செல்லாது. கர்நாடகக்காரர்கள் இதைத் திருத்தி, தங்கள் மாகாணத்தில் குழந்தைக் கலியாணம் எதுவானாலும் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று செய்துவிட்டார்கள். 2017-இல் சுப்ரீம் கோர்ட்டு அதைப் பாராட்டி, மற்ற மாகாணங்களும் பின்பற்றலாம் என்றது. கலியாணம் செய்ய அந்தப் பக்கம் ஓடுகின்றவர்களுக்கு, ஓடுகின்ற இடத்தில்தான் சட்டம் அதிகக் கடுமை என்பது தெரியாது. பெரியார் பிறந்த நாடென்று மார்தட்டுகின்ற நாம் இந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குப் பின்னால் நிற்கலாமா என்பதைச் சட்டசபையில் இருக்கின்றவர்கள் யோசிக்கட்டும்.

எல்லையைப் பற்றிப் பேசும்போது இன்னொரு விஷயம் ஞாபகத்துக்கு வருகின்றது. இந்த ஓசூருக்கு அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்தவர் சி. இராஜகோபாலாச்சாரியார். ஓசூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தார். பிறகு எல்லை தாண்டிப் பெங்களூர் சென்ட்ரல் காலேஜுக்குப் போனார். அப்புறம் சென்னைக்குப் போய் வக்கீலானார். ஆண்பிள்ளை எல்லை தாண்டினால் பி.ஏ., பெண்பிள்ளை எல்லை தாண்டினால் தாலி! இவ்வளவு படித்தவர் 1953-இல் முதன்மந்திரியாய் இருந்தபோது என்ன செய்தார்? பிள்ளைகள் அரை நாள் பள்ளிக்கூடத்தில் படித்தால் போதும், மற்ற நேரம் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்றார். ஆண்பிள்ளையாவது செருப்புத் தைக்கவோ பானை வனையவோ கற்றிருப்பான். பெண்பிள்ளை என்ன கற்றிருப்பாள்? அம்மா தொழில் என்றால் சாணி தட்டுவதும் அடுப்பு ஊதுவதும் தம்பியைத் தூக்குவதும்தானே? நாடு கொதித்து எழுந்தது. 1954-இல் காமராஜர் வந்து அதை ஒழித்தார். ஆனால் அந்தத் திட்டம் ஏட்டிலிருந்து போயிற்றே ஒழிய, மலையில் இருக்கின்ற பெண்ணுக்கு இன்றைக்கும் அதுதான் அமுலில் இருக்கின்றது. அவளுக்கு அரை நாள்கூட இல்லை, முழு நாளும் அம்மா தொழில்தான்.

முன் பேசிய தோழர் டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரைச் சொன்னாரல்லவா? அந்த அம்மையார் சரித்திரத்தையும் இந்த நான்கு வருஷக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். பருவம் வந்ததும் எல்லாப் பெண்களையும் போல அவரையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அங்கேயே கதை முடிந்திருக்கவேண்டியது. ஆனால் தகப்பனார் கல்லூரித் தலைவராய் இருந்தவர். வீட்டிலேயே பாடம் நடக்க ஏற்பாடு செய்தார். அம்மையார் 1902-இல் மெட்ரிக்குலேஷன் தேறி, பெண்ணே நுழைந்திராத மகாராஜா கல்லூரிக்குள், பலருடைய எதிர்ப்புக்கு நடுவில் நுழைந்தார். 1912-இல் டாக்டரானார். 1927-இல் சென்னைச் சட்டசபைக்கு உபதலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டார். அத்தனையும் 14-க்கும் 18-க்கும் நடுவில் வீட்டுக்குள்ளே ஒரு பாலம் கட்டிக்கொடுக்கப்பட்டதால் வந்தது. எத்தனை முத்துலட்சுமிகளுக்குத் தகப்பன் காலேஜ் பிரின்சிபாலாய் இருக்கப்போகின்றான்? கூலிக்காரன் வீட்டுப் பெண்ணுக்கு அந்தப் பாலத்தைச் சர்க்காரும் ஊராரும்தான் கட்டவேண்டும்.

சகோதரி சுப்பலட்சுமி என்கின்ற அம்மையார் அதைச் செய்து காட்டினார். சிறு வயதிலேயே விதவையாகி, 1911-இல் பி.ஏ. தேறியவர். சென்னையில் இளம் விதவைகளுக்கு விடுதி நடத்தினார். விடுதி என்று ஒன்று இருந்ததினாலே மூலையில் முடங்கியிருக்கவேண்டிய பெண்கள் உபாத்தியாயினிகளாய் வெளியே வந்தார்கள். அதில் இடம் பெற்றவர்கள் பார்ப்பன விதவைகள் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அவர்களுக்குப் பலித்த மருந்து மலைப் பெண்ணுக்குப் பலிக்காதா?

இனி, பெண்ணை ஏன் இத்தனை அவசரமாய்க் கட்டிக்கொடுக்கின்றார்கள் என்பதைப் பார்ப்போம். வறுமை என்பார்கள். வறுமை உண்மைதான். ஆனால் அதே வறுமையில் மகனை மாத்திரம் பத்தாவது வரை அனுப்புகின்றார்களே, எப்படி? "பள்ளிக்கூடம் தூரம், பெண்ணுக்குப் பாதுகாப்பு இல்லை" என்பார்கள். அதிலும் பாதி உண்மை இருக்கின்றது. மீதிப் பாதியை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். நாம் சொல்லுகின்றோம். பெண் பருவம் அடைந்து, நாலெழுத்துப் படித்து, பஸ்ஸில் போய் வந்தால், தனக்குப் பிடித்தவனைத் தானே தேடிக்கொள்வாளோ, அவன் வேறு ஜாதியாய் இருந்துவிடுவானோ என்கின்ற பயம்! அந்தப் பயத்துக்குத்தான் மானம் என்று பெயர் வைத்திருக்கின்றார்கள். இதே ஓசூர்ப் பக்கத்தில் ஜாதி விட்டுக் கலியாணம் செய்துகொண்ட இளந்தம்பதிகளை 2018-இல் எல்லைக்கு அப்பால் கொண்டுபோய்க் கொன்று காவிரியில் போட்டது எந்த மானத்துக்காக? எட்டாவதில் படிப்பை நிறுத்துகின்றவனும் கத்தியை எடுக்கின்றவனும் காப்பாற்றுவது ஒரே பொருளைத்தான். ஒருவன் முன்கூட்டியே செய்கின்றான், மற்றவன் காலம் கடந்து செய்கின்றான்.

"பெண் படித்துத் தொழிற்சாலைக்குப் போய் என்ன கண்டாள்? அங்கேயும் அடிமைத்தனந்தானே?" என்று கேட்கின்ற அறிவாளிகளும் இருக்கின்றார்கள். தொழிற்சாலை சுவர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. பெண்ணுக்கு விரல் மெல்லியது, பொறுமை அதிகம் என்று சொல்லிச் சின்ன வேலையைக் கொடுத்து, மேஸ்திரி நாற்காலியில் ஆணை உட்கார வைக்கின்ற தந்திரமும் நமக்குத் தெரியும். 2024 ஜூனில், ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் செய்யும் பாக்ஸ்கான் தொழிற்சாலையில் கலியாணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குகின்றார்கள் என்று ராய்ட்டர் செய்தி வெளியிட்டது. டில்லித் தொழிலாளர் இலாகா சென்னை சர்க்காரிடம் அறிக்கை கேட்டது. இது கேட்கவேண்டிய நியாயந்தான். ஆனால் மாதச் சம்பளம் தன் பெயரில் பாங்கியில் விழுகின்ற பெண் "மாட்டேன்" என்று சொன்னால், அவளைத் தூக்கிக்கொண்டு போவது அவ்வளவு சுலபமல்ல. அந்த அளவுக்காவது தொழிற்சாலை நமக்கு வேண்டும்.

இனி ஆகவேண்டியதைப் பேசுவோம். ஸ்ரீபெரும்புதூருக்கு அடுத்த வல்லம் வடகாலில் சிப்காட்டார் தொழிற்சாலைப் பெண்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதி கட்டி, அது 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நல்லது. கம்பெனிக்கு ஆள் வேண்டுமென்றால் 18,720 கட்டில் போட நம்மால் முடிகின்றது. அஞ்செட்டி, தளி, பர்கூர் மலைக் கிராமப் பெண்களுக்கு, ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை தங்கிப் படிக்க ஒவ்வொரு பக்கத்திலும் 200, 300 கட்டில் போட முடியாதா? இருக்கின்ற உறைவிடப் பள்ளிகளை எட்டாவதோடு நிறுத்தாமல் பன்னிரண்டு வரைக்கும் கொண்டுபோகச் சட்டத்தில் இப்போது தடை இல்லை. பணம் வேண்டுமென்றால், பெரிய கம்பெனிகள் தங்கள் லாபத்தில் 100-க்கு 2 பங்கு பொதுக் காரியத்துக்குச் செலவிடவேண்டுமென்று 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் சொல்லுகின்றது. அந்தப் பணத்தில் மரம் நடுவதும் கோவில் குளத்தைத் தூர் வாருவதும் போட்டோ எடுத்துக்கொள்வதும் போதும். மலைப் பெண்ணுக்கு விடுதி கட்டுங்கள். நாளைக்கு அவளேதான் உங்கள் வாசலுக்கு வேலைக்கு வருவாள்.

பஸ் விஷயமும் உண்டு. பள்ளிக்கூட மணியைப் பார்த்து பஸ் விடவேண்டும். பஸ் மணியைப் பார்த்துப் பெண்கள் படிக்கமுடியாது.

தலைமை உபாத்தியாயர்களுக்கும் உபாத்தியாயினிகளுக்கும் ஒரு வேண்டுகோள். எட்டாவது முடித்த ஒவ்வொரு பெண்ணும் ஜூன் மாதத்தில் ஒன்பதாவதில் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள் என்பதைப் பெயர் பெயராய்ப் பாருங்கள். சேராதவள் வீட்டுக்கு அந்த வாரத்துக்குள் ஆள் போகவேண்டும். "பாட்டி வீட்டுக்குப் போயிருக்கின்றாள்" என்று சொன்னால் நம்பிக்கொண்டு திரும்பாதீர்கள். எந்தப் பாட்டி, எந்த ஊர், எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேளுங்கள். கலியாண மண்டபம் வைத்திருக்கின்றவர்களும், பத்திரிகை அச்சடிக்கின்றவர்களும், சமையற்காரர்களும், மந்திரம் சொல்லுகின்றவர்களும் பெண்ணின் பிறந்த தேதிச் சான்று பார்த்த பிறகே அச்சாரம் வாங்கட்டும். 18 ஆகாத கலியாணத்தை நடத்திவைத்தவனுக்கும் சட்டத்தில் தண்டனை உண்டு. ஜாதகம் பார்க்கின்றீர்களே, அதில் பிறந்த வருஷம் எழுதியிருக்கின்றதல்லவா? ஜாதகத்தினால் உலகத்துக்கு ஏற்படக்கூடிய ஒரே பிரயோஜனம் அதுதான். அதையாவது படித்துப் பாருங்கள்.

பெண் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வகுப்பில் ஒரு பெண் திடீரென்று வராமல் போனால், புதுத் துணி எடுத்திருக்கின்றார்கள் என்று கேள்விப்பட்டால், 1098 என்கின்ற எண்ணுக்குப் பேசுங்கள். காசு வேண்டியதில்லை, உங்கள் பெயரும் சொல்லவேண்டியதில்லை. இந்த எண்ணை வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்து, உங்கள் தங்கைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

கேள்விகள் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம். அஞ்செட்டிக்குப் போகவேண்டிய தாய்மார்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டியிருக்கின்றதாகத் தலைவர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கின்றார். ஆகையால் அவர்கள் கேள்விக்கு முதலில் பதில் சொல்லுகின்றோம்.